லைப்சிக் வீட்டு மூட்டைப்பூச்சிகள்

மூட்டைப்பூச்சி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. 'அது' என்றுதான் சொல்வோம். அது இன்றைக்கும் கடித்ததா, அது தலையணையில் இருக்கிறதா என்று. அந்தத் தெருவில் வேறு தமிழ்க் குடும்பம் எதுவும் இல்லை. நாங்கள் எவ்வளவு உரத்துக் கதைத்தாலும் பக்கத்தில் யாருக்கும் விளங்கப்போவதில்லை. இருந்தும் அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடவில்லை. பூச்சிதான் வந்துவிட்டது, பெயராவது வெளியே நிற்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. பெர்லினில் சுவர் விழுந்து ஆறேழு வருடங்கள் ஆகியிருந்தன. லைப்சிக்கின் கிழக்குப் பக்கத்தில் பாதிப்பேர் வேலை தேடி மேற்கே போய்விட, தெருத்தெருவாக வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. நாங்கள் ஹைம் என்று சொல்லும் அகதிகள் விடுதியில் இரண்டு வருடம், ஒரே அறையில், பதினொரு குடும்பத்துக்கும் சமைக்க ஒரு குசினி என்று இருந்துவிட்டு, அந்த இலையுதிர் காலத்தில்தான் சொந்தமாக ஒரு வீட்டுக்கு வந்திருந்தோம். சொந்தம் என்றால் வாடகை வீடுதான். ஒரு படுக்கையறை, ஒரு குசினி, இரண்டிலும் கரி அடுப்பு. கக்கூஸ் மாடிப்படியின் நடுவில், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக. பக்கத்து வீட்டில் ஆளே இல்லாததால் அதுவும் எங்களுக்கே என்று அப்பா பெருமையாகச் சொல்வார். வந்த அன்று அம்மா தரையை மூன்று தரம் துடைத்தார். நான் ஒரு மட்டையில் எங்கள் பெயரை ஜெர்மன் எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். பதினாலு எழுத்து. மட்டை போதாமல் கடைசி இரண்டு எழுத்தும் கீழே இறங்கிவிட்டன.

எங்கள் வீட்டின் ஜெர்மன் வாய் நான்தான். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் தட்டு, கத்தி, கெதியாக என்பவற்றோடு முடிந்தது. அம்மாவுக்கு வணக்கமும் நன்றியும் உருளைக்கிழங்கும் தெரியும். எந்த அலுவலகத்தில் டெர்மின் என்று சந்திப்பு நேரம் தந்தாலும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துக் கூட்டிப்போவார்கள். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர், இந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும், நடுவில் கால் நிலத்தில் முட்டாத கதிரையில் நான். அந்த மனிதர் பேசி முடித்ததும் அம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னவாம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் பிறந்து வந்தேன் என்று அப்போது நம்பியிருந்தேன். அவர் பத்து நிமிடம் சொன்னதை நான் ஒரு வரியில் முடிப்பேன். அம்மா ஒரு வரியில் சொன்னதை அழகுபடுத்தி மூன்று வரியாக்கிக் கொடுப்பேன். பார்க்கச் சகிக்காத கர்வம் எனக்கு.

ஹைமை விட்டு வரும்போது அதன் பொறுப்பாளர் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும், கட்டடத்தில் இருப்பவர்கள் புகார் எழுதினால் திரும்ப இங்கேதான் வரவேண்டியிருக்கும். அம்மா அதற்குச் சிரித்தார். துப்புரவைப் பற்றித் தன்னிடம் ஒருவர் சொல்லவேண்டியிருக்கிறதே என்ற சிரிப்பு.

கார்த்திகை முடிவில் தம்பியின் கையில் மூன்று சிவந்த தடிப்புகள் வரிசையாக வந்தன. பாற்கட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா அதை நிறுத்தினார். பிறகு என் கழுத்தில் வந்தது. நான் பாற்கட்டி தின்பதில்லை. ஒரு காலை விரிப்பை மாற்றும்போது அம்மா ஏதோ பொட்டுப்பொட்டாகக் கறையைக் கண்டு, மெத்தையைத் தூக்கி அதன் தையலை விரித்துப் பார்த்தார். அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, இது ஏதோ ஜெர்மன் வண்டு, குளிர் நாட்டில் மற்றது இருக்காது என்று சொன்னார். அம்மா ஒன்றைப் பிடித்துத் தாளில் வைத்து நசுக்கி அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். அந்த மணத்துக்குப் பிறகு வண்டு என்ற பேச்சு எழவில்லை.

அம்மாவுக்கு அந்த மணம் பழக்கம். ஊரைவிட்டு ஓடிவந்து மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வாங்குகளில் அது இருந்ததாம். அங்கிருந்து தன் மண்ணிறப் பெட்டியில் ஏறி, கொழும்பும் மொஸ்கோவும் கடந்து, எல்லைக் காட்டுக்குள்ளாலும் தங்களோடு நடந்தே வந்திருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். இடையில் எத்தனை வருடம், எத்தனை வீடு என்று அப்பா கணக்குச் சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. பெட்டியைக் கொதிநீரால் கழுவிக் கரி வைக்கும் நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தார். அன்று அவர் சாப்பிடவும் இல்லை. இந்தத் துப்புரவான நாட்டுக்கு அழுக்கைச் சுமந்து வந்தவள் தான் என்பது அவருக்குப் பெரிய அடியாக இருந்தது. வெளியில் ஒரு குருவிக்கும் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

முதல் மருத்துவம் அப்பாவுடையது. கட்டில் கால் ஒவ்வொன்றையும் ஒரு பழைய தகரப்பேணிக்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றினார். நீந்தத் தெரியாத பூச்சி கட்டிலில் ஏறாது என்பது அவர் ஊர் அறிவு. இரண்டு நாள் கடி இல்லை. அப்பா குசினியில் ஒரு தளபதியைப்போல நடந்தார். மூன்றாம் நாள் காலை, சுவரில் ஏறி முகட்டில் நடந்து கட்டிலுக்கு நேர் மேலே வந்து விழுவது எப்படி என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன. அடுத்து அப்பா கடையில் ஒரு தெளிமருந்து வாங்கி வந்து அடித்தார். தம்பி இரண்டு நாள் இருமினான். பூச்சிகள் அவன் கட்டிலிலிருந்து என் கட்டிலுக்கு இடம்பெயர்ந்தன.

நத்தார், புதுவருட விடுமுறை முடிந்து கிண்டர்கார்டன் தொடங்கியதும் அங்கே ஆசிரியை தம்பியின் சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். அவனைக் கூட்டிப்போக வந்த என்னிடம் இது என்ன என்று கேட்டார். எங்கள் பூனை பிறாண்டியது என்றேன். எங்களிடம் பூனை இல்லை. திங்கட்கிழமை வைத்தியரின் கடிதத்தோடு வரச்சொன்னார். அதை அம்மாவிடம் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

"டொக்டரிட்டப் போனால் எழுதிப் போடுவார்," என்றார் அம்மா. "எழுதினால் திரும்ப ஹைமுக்குத்தான்."

வலிய மருந்தாக ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. ஆனால் கடையில் போய் என்னவென்று கேட்பது? எனக்கு ஜெர்மனில் நூறு பூக்களின் பெயர் தெரியும், இந்தப் பூச்சியின் பெயர் தெரியாது. மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில் பூச்சிகளின் படப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தட்டினேன். அது ஒரு பக்கத்தின் மூலையில், எங்கள் வீட்டில் இருப்பதைவிடப் பத்து மடங்கு பெரிதாக, எந்த வெட்கமும் இல்லாமல் இருந்தது. வான்ட்சே. பலவாக இருந்தால் வான்ட்சன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மருந்து வாங்க மாடிப்படி இறங்கி ஓடியவளைக் கீழ் வீட்டு மனிதர் மறித்தார். அவரை அம்மா 'கீழ்வீட்டு ஐயா' என்பார். அறுபதை நெருங்கியவர், தனி ஆள். ஒரு நூல் ஆலையில் மின்சார வேலை பார்த்தவர், ஆட்சி மாறியதும் ஆலையை மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு முகம் பார்த்து வணக்கம் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். கையில் கரி வாளியோடு நின்றவர், இந்தக் குளிரில் எங்கே ஓடுகிறாய் என்று கேட்டார்.

குருவிக்கும் சொல்லக்கூடாது என்பது நினைவில் இருந்தது. ஆனால் புதுச்சொல் நாக்கில் சூடாக இருந்தது. வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் தெரியாத சொல். சொன்னேன்.

"எங்கள் வீட்டுக்குள் வான்ட்சன் இருக்கிறது."

அந்தச் சொல்லுக்கு ஜெர்மனில் இன்னொரு பொருளும் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கச் சுவருக்குள் ஒளித்து வைக்கும் சிறிய கருவியையும் அப்படித்தான் சொல்வார்கள். சுவர் விழுமுன், ரகசியப் பொலிஸ் வீடுவீடாக ஒட்டுக்கேட்ட பழைய ஆட்சியில் அந்த நகரத்து மனிதர்கள் அந்தச் சொல்லை எப்படி உச்சரித்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. புத்தகத்தில் ஆறு காலோடு ஒரு படம்தான் இருந்தது.

அவர் வாளியைக் கீழே வைத்தார். படியின் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். யார் உனக்குச் சொன்னது என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார். யாரும் சொல்லவில்லை, அம்மாதான் கண்டுபிடித்தார் என்றேன். எந்த அறையில் என்றார். படுக்கையறையில் என்றேன். அவர் ஏதோ எதிர்பார்த்த பதில் கிடைத்ததுபோலத் தலையாட்டினார். நீ மேலே போ, ஒன்றும் பேசாதே, நான் வருகிறேன் என்றார். ஒரு பூச்சிக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் நாடு என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் தன் மின்வேலை ஆயுதப் பையோடு வந்தார். கதவைத் திறந்த அம்மா, வீட்டுச் சொந்தக்காரர் மின்சாரம் பார்க்க அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து முகம் மலர்ந்தார். அவர் சுட்டுவிரலை உதட்டில் வைத்தார். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அப்பா வேலைக்குப் போக முன் பெனியனோடு கட்டிலில் இருந்தவர், வாயைத் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டார். ஐயா நேரே வானொலியிடம் போய் அதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினார். யாரோ காலநிலை அறிக்கையை முழு வீட்டுக்கும் வாசித்தார்கள். மூட்டைப்பூச்சியை வானொலி போட்டு மயக்கும் முறை ஒன்று இங்கே இருக்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். ஜெர்மன்காரரிடம் எதற்கும் ஒரு முறை இருக்கும்.

அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி என்னிடம் காட்டினார். எத்தனை?

நான் பென்சிலை வாங்கி அழகான எழுத்தில் எழுதினேன். நிறைய. நூறுக்கு மேல்.

அவர் அதை வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

நான் கட்டிலைச் சுட்டிக்காட்டினேன். அவர் கட்டிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புகைபோக்கி ஓடும் சுவருக்கு நேரே போனார். அதில் மின்சாரச் செருகுவாய் ஒன்று இருந்தது. முழந்தாளில் இருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன் இரண்டு ஆணிகளையும் கழற்றி மூடியை மெல்ல எடுத்தார். உமி கொட்டுவதுபோலக் காய்ந்த தோல்கள் கொட்டின. அவற்றுக்குப் பின்னால் உயிருள்ளவை வெளிச்சத்தைக் கண்டு நாலு பக்கமும் ஓடின.

அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, வானொலிக்கு மேலால், இவைதானா என்று கேட்டார். ஓம், வான்ட்சன் என்றேன்.

அவர் எழுந்து வானொலியை நிறுத்திவிட்டு என் கட்டிலில், அந்தக் கட்டிலில்தான், உட்கார்ந்தார். முதலில் அவர் தோள்கள் குலுங்கின. பிறகு சத்தமாகச் சிரித்தார். கரி படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வந்தவர் சிரிப்பதால் அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"என்னவாம்?"

"தெரியேல்லை. பூச்சியைப் பாத்துச் சிரிக்கிறார்."

என்னிடம் மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

அம்மா என்னை முன்னே தள்ளி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். எங்கள் பெட்டியில் வந்துவிட்டது, எப்படியும் துப்புரவாக்கி விடுவோம், யாருக்கும் எழுதிப் போடவேண்டாம் என்று கேட்கச் சொன்னார். இதை அழகுபடுத்த எனக்கு மனம் வரவில்லை. அப்படியே சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். ஒரு கத்தியை எடுத்துச் செருகுவாய்க்குப் பக்கத்தில் சுவர்த்தாளின் ஓரத்தை நெம்பி இழுத்தார். ஒரு தாளுக்குக் கீழே இன்னொரு தாள், அதற்குக் கீழே இன்னொன்று, எல்லாவற்றுக்கும் கீழே சுவரோடு ஒட்டிய பழைய செய்தித்தாள். ஒவ்வொரு படைக்கும் இடையில் கறுத்தப் பொட்டுகளும் தோல்களும். செய்தித்தாளின் தலைப்பில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார். அதில் இருந்த வருடம் அம்மா பிறப்பதற்கு மூன்று வருடம் முந்தியது.

நான் சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நானும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"இது எங்கடை மூட்டை இல்லையாம், அம்மா. நாங்கள் கொண்டுவரேல்லையாம். இது அவையின்ரயாம். எங்களுக்கு முதலே இஞ்ச இருந்ததாம்."

வீட்டுக்குள் அந்தச் சொல் கேட்டுவிட்டது. அம்மா அதைக் கவனிக்கவில்லை.

"திருப்பிச் சொல்லச் சொல்லு."

அவர் திருப்பிச் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன். அம்மா அந்தச் சுவருக்குக் கிட்டப் போய், தாள்களின் படைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய் ஐயாவுக்கு இஞ்சி போட்டுத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்தார். நிமிர்ந்து நடந்து வந்தார். அந்த நாட்டில் அம்மா அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பூச்சி ஒழிக்கும் ஆட்களை வரவழைக்கலாம் என்றார் ஐயா. அதற்கும் ஒரு கடிதம், ஒரு கையெழுத்து வேண்டும். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். அவரிடம் வேறு யோசனை இருந்தது. ஊரில் மூட்டை பிடித்த கட்டிலைச் சித்திரை வெயிலில் முற்றத்தில் போட்டுத் தட்டுவார்கள், சூட்டில் செத்துவிடும். லைப்சிக்கில் அந்தத் தை மாதம் வெயில் எங்கே? யன்னலுக்கு வெளியே குளிருக்காக வைத்த பால் கல்லாக நின்றது. அம்மா அந்தப் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வெயிலுக்குச் சாகிறது பனிக்குச் சாகாதோ என்று கேட்டார்.

"உமக்கு விசரே?" என்றார் அப்பா. "பனியில ஆர் கட்டில் காயப்போடுறது?"

அம்மா வாதாடவில்லை. பத்து மூட்டையைப் பிடித்து ஒரு பழப்பாகுப் போத்தலில் போட்டு மூடி யன்னலுக்கு வெளியே வைத்தார். மறுநாள் காலை பத்தும் விறைத்துக் கிடந்தன. போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மத்தியானம் மூன்று எழுந்து நடந்தன. அப்பா தன் கட்சி வென்றதுபோல மகிழ்ந்தார். அம்மா போத்தலைத் திரும்ப வெளியே வைத்தார். நாலு நாள் கழித்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் காலை அசைத்தது. எட்டாம் நாள் ஒன்றும் அசையவில்லை. அம்மா ஒரு முழுநாள் அதை அடுப்பருகில் வைத்து, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்த பிறகே நம்பினார். எட்டு நாளில் போத்தலில் செத்தது மெத்தைக்குள் சாகப் பதினைந்து நாள் என்று கணக்கிட்டார். ஐயா தன் யன்னலில் வெப்பமானி கட்டிவிட்டு, ஒவ்வொரு காலையும் படியில் நின்று கூவுவார். மைனஸ் பதினாலு. மைனஸ் பதினாறு. நான் அதைத் தமிழில் வீட்டுக்குள் அறிவிப்பேன். அம்மா பரீட்சை முடிவு கேட்பவர்போலக் கேட்டுக்கொள்வார்.

பக்கத்து வீடு ஆளில்லாமல், யன்னல் உடைந்து, வெளியைவிடக் குளிராகக் கிடந்தது. சாவி ஐயாவிடம் இருந்தது. கட்டில், மெத்தை, அலுமாரி, உடுப்பு எல்லாம் அங்கே போயின. எங்கள் படுக்கையறையின் அடுப்பை அணைத்து, யன்னல்களை இரவும் பகலும் திறந்துவிட்டோம். சுவர்த்தாள் முழுவதையும் உரித்துக் குசினி அடுப்பில் எரித்தோம். அம்மா கட்டில் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றினார், தையல் தையலாக இஸ்திரிப்பெட்டி போட்டார். ஐயா வெடிப்புகளை வெண்சாந்தால் அடைத்தார். அம்மா தமிழில்தான் வேலை சொன்னார். இதைப் பிடியுங்கோ, அதை உயர்த்துங்கோ, அந்த மூலையை விட்டிட்டியள். ஐயா பிடித்தார், உயர்த்தினார், மூலைக்குத் திரும்பிப் போனார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

அதுவரை என் பக்கத்துக் கதிரையில் இருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவைத்தான் எனக்குத் தெரியும். இரண்டு ஆண்களை வேலை வாங்கும் இந்த அம்மா, ஊரில் ஒரு தபால் கந்தோரையே நடத்தியவர் என்பது கேள்விதான். அந்த நாட்களில் அது கண்ணால் கண்டதாயிற்று.

மூன்று வாரம் நாங்கள் நாலுபேரும் குசினியில் அடுப்பின் ஓரம் வரிசையாகப் படுத்தோம். ஒவ்வொரு விரிப்பையும் அம்மா சோதித்த பிறகே உள்ளே விட்டார். கிண்டர்கார்டனில் தம்பிக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். ஆசிரியை அவனுக்கு ஒரு கரடிப் படம் வரைந்து கொடுத்துவிட்டார். அதை வாங்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மெத்தைகள் பலகையைப்போல விறைத்துத் திரும்பி வந்தன. அம்மா எல்லாவற்றிலும் வெள்ளை விரிப்பு விரித்தார். ஒவ்வொரு காலையும் நாங்கள் எழும்பியதும் குனிந்து முழுவதையும் பார்த்தார். முதல் வாரம் ஒரு பொட்டும் இல்லை. இரண்டாம் வாரமும் இல்லை. தம்பியின் கை ஆறிப் பளபளப்பாக வந்தது. கிண்டர்கார்டன் ஆசிரியை அவன் சட்டைக் கையை மடித்துப் பார்த்துவிட்டு, கடிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மாசி நடுவில் மேல்வீட்டுப் பெண் எங்கள் கதவைத் தட்டினார். நாங்கள் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு படியேறுகிறவர். மணிக்கட்டைச் சொறிந்துகொண்டு நின்றார். உன் அம்மாவால் வான்ட்சனைப் போக்க முடியும் என்று கீழே சொன்னார்கள், அது உண்மையா என்று என்னிடம் கேட்டார். ஐயாவின் வேலை.

"என்னவாம்?"

"மேல்வீட்டிலயும் மூட்டையாம், அம்மா. நீங்கள் வந்து பாப்பியளோ எண்டு கேக்கிறா."

அம்மா தலைமுடியைச் சுற்றிக் கட்டினார். இஸ்திரிப்பெட்டியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டார். குளிர் இன்னும் பதினைந்து நாளாவது நிற்கும், இன்றைக்கே தொடங்கவேண்டும் என்று சொல்லச் சொன்னார். படியில் நாங்கள் ஏறினோம். முன்னால் போத்தலைத் தூக்கிக்கொண்டு நான், பின்னால் அம்மா, அதற்குப் பின்னால் ஏணியோடு கீழ்வீட்டு ஐயா. மேலே போய், எந்தச் சுவரில் தொடங்குவது என்று அந்தப் பெண் கேட்டதை நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. கூட்டத் தேவை இருக்கவில்லை. எனக்குத் தெரிந்து அந்தக் கட்டடத்தில் ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை உள்ளே வாருங்கள் என்று சொன்னது அன்றுதான். என் வாழ்க்கையில் பிறகு பட்டங்கள் வாங்கியிருக்கிறேன். அந்தப் படியில் ஏறியதுபோல எந்த மேடையிலும் நான் ஏறியதில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது நாங்கள் சித்தி குடும்பம் இருந்த கெல்சென்கிர்ச்சனுக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு நாள் வகுப்பில் பழைய கிழக்குப் பகுதியின் ஆட்சியைப் பற்றிப் பாடம் நடந்தது. ஆசிரியர் கரும்பலகையில் வான்ட்சன் என்று எழுதி, அதன் இரண்டாவது பொருளைச் சொன்னார். நான் வகுப்பில் உரத்துச் சிரித்து வெளியே நிறுத்தப்பட்டேன். வெளியே நின்றும் சிரித்தேன். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். எத்தனை என்று அவர் எழுதிக் கேட்டதையும், நூறுக்கு மேல் என்று நான் எழுதிக் கொடுத்ததையும் சொல்ல, அப்பா இருமல் வரும்வரை சிரித்தார்.

அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் மூட்டைக்கு வரேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார்.

எப்படி என்று கேட்டேன். ஊரில் கடைசி மாதங்களில் தெருவில் ஆமி வாகனம் வந்து நின்றால் பெரிய மாமா அப்படித்தான் செய்வாராம். விரலை வாயில் வைத்துவிட்டு வானொலியைக் கூட்டுவாராம், உள்ளே எத்தனைபேர் மூச்சுவிடுகிறார்கள் என்று வெளியில் கேட்கக்கூடாது என்று. கீழ்வீட்டு ஐயா அதையே செய்தபோது, பொலிஸ் எங்களைத் திருப்பி அனுப்ப வருகிறது, இந்த மனிதர் முன்கூட்டியே சொல்ல வந்திருக்கிறார் என்று அம்மா நினைத்தாராம். தம்பியின் சப்பாத்தை அப்போதே கையில் எடுத்துவிட்டாராம்.

"அவர் என்ரை கையில இருந்த சப்பாத்தைப் பாத்தவர். ஒரு நிமிசம் அப்பிடியே நிண்டவர். பிறகு, பயப்பிடாதேங்கோ எண்டு தலையை ஆட்டினவர்."

அவரைத்தான் யாராவது ஒட்டுக்கேட்டார்களா, அல்லது அவரே அந்த வேலையைச் செய்தவரா, அந்தச் சுவருக்கு நேரே போக அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். எனக்கு அப்போது பதினாலு வயது, எல்லாவற்றுக்கும் விடை வேண்டும். அம்மா வெட்டியதைச் சட்டியில் போட்டார். அவருக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை.

"ஆர் கேட்டதோ, ஆருக்குக் கேட்டதோ. பயந்துபோய் வந்தவர். அது காணும் எனக்கு."

அவர்கள் இருவருக்கும் நடுவில் மூன்று வருடம் நின்று நான் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லும் என்னைத் தாண்டிப் போகவில்லை என்ற பெருமை எனக்கு. அன்று வானொலி காலநிலை சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாவும் அவரும் என் கண் முன்னாலேயே கதைத்து முடித்துவிட்டார்கள். நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, பூச்சிகளின் எண்ணிக்கையைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன்.